நான் விற்ற கர்ட்டனும் நாலு மணி வெயிலும்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தரைக்கு என்ன விரிப்பது, சுவருக்கு என்ன பூசுவது, ஜன்னலுக்கு எதைத் தொங்கவிடுவது என்று திருவனந்தபுரம் முழுக்க இருபத்தைந்து வருஷம் உபதேசம் செய்தவன் நான். என் வீட்டு ஜன்னலில் என்ன தொங்குகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். என் மனைவியின் பழைய சேலை தொங்குகிறது. இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு தடவைகூட யோசனை கேட்டதில்லை. புத்திசாலி.

அளவெடுப்பது, துணிக்குக் கணக்குப் போடுவது, ராடு அடிப்பது எல்லாம் ஒரு மாசத்தில் உங்களுக்குக் கைவந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது என் வாயைப் பற்றி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து கிழக்கேகோட்டையில் இந்தக் கடையில் சேர்ந்தபோது என்னிடம் இருந்த ஒரே சொத்து அதுதான். முதலாளி என் பேச்சைக் கேட்டுவிட்டு, துணி மடிக்கும் வேலையிலிருந்து தூக்கி, வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்தார். அன்றைக்கே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. 'கன்சல்டன்ட்' என்று போட்டு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அம்மா அந்தக் கார்டை சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தாள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் வருஷமே ஒரு டாக்டர் வீட்டில் ஹால் முழுக்க, சுவருக்குச் சுவர், கம்பளம் ஒட்டிக் கொடுத்தேன். அது ஏப்ரல் மாசம். நடந்தால் பாதம் புதைந்தது. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜூன் மாசம் மழை பிடித்தது. ஜூலையில் கடைக்குப் போன் செய்தார். "தன்றெ கார்ப்பெட்டில் கூணு முளச்சிட்டுண்டு. வந்நு பறிச்சோண்டு போடோ" என்றார். கூணு என்றால் காளான், வந்து பறித்துக்கொண்டு போடா என்கிறார். நிஜமாகவே முளைத்திருந்தது, குடை பிடித்துக்கொண்டு. சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் அதைப் பறித்தபோது டாக்டரின் மனைவி ஒரு கிண்ணம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கம்பளம் விற்பதைக் குறைத்துக்கொண்டேன், வாயைக் குறைக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான், தொண்ணூறுகளின் கடைசியில், கரமனை அக்ரஹாரத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவேன். கூட அவருடைய ஒரே மகள் கோமதி. கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்கு வருவாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமை சாயங்காலம் நாலு மணிக்கு இவளைப் பொண்ணு பாக்க வராளாக்கும்" என்றார் சாமி. "மொதல் மொதல்லே வர எடம். நல்ல எடம். நம்ம ஹாலைப் பாத்தேள்னா பழைய சாமான் போடற கிட்டங்கி மாதிரி இருக்கு. எந்தாக்கும் செய்யணும்னு நீங்கோதான் சொல்லணும்."

நீங்கோதான் சொல்லணும். மக்களே, இந்தத் தொழிலில் ஒருவனைக் கவிழ்க்க இதைவிட வேறு வார்த்தை வேண்டாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வீட்டைப் போய்ப் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அக்ரஹாரத்து வீடுகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்துச் சுவரும் அந்தப் பக்கத்துச் சுவரும் அடுத்த வீட்டோடு சேர்ந்தவை. பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. ஹாலுக்கு வெளிச்சம் வர வேண்டுமென்றால் தெருவைப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல். பெரிய ஜன்னல், மேற்குப் பார்த்தது. காலை நேரமாதலால் வெயில் வீட்டுக்குப் பின்புறம் இருந்தது, ஹால் மங்கலாக இருந்தது. தரை சிவப்பு சிமென்ட், தேய்ந்து தேய்ந்து முகம் பார்க்கலாம் போல. சுவரில் பழைய வெள்ளை.

கோமதி ஆபீசுக்குக் கிளம்பி நின்றுகொண்டிருந்தாள். "தரை இப்படியே இருக்கட்டும் சார், எனக்கு இந்தச் செவப்பு பிடிக்கும். சுவத்துக்கு வெள்ளை அடிச்சா மதி, அது போறும். ஜன்னலுக்கு வெள்ளைக் காட்டன்லே ஒரு கர்ட்டன் போட்டுடலாம்" என்றாள்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

"வெள்ளைக் காட்டனா? பொண்ணு பாக்க வர்ற வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கணுமா மோளே?" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவள் போய்விட்டாள். அப்புறம் யார் என்னைத் தடுப்பது? சிவப்புத் தரை தெரியாமல் பளபளவென்று சந்தன நிற வினைல் ஷீட் விரித்தேன். சுவருக்கு எலுமிச்சை மஞ்சள் டிஸ்டெம்பர் சொன்னேன். ஜன்னலுக்கு, கடைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு துணி. மெல்லிசு, பட்டு மாதிரி மினுக்கும், பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். கடை ட்யூப்லைட்டுக்கு அடியில் பிரித்துப் போட்டால் தங்கத் தகடு மாதிரி தகதகவென்று இருக்கும். சாமி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ராஜ குடும்பத்துக்குப் போறதாக்கும் இது" என்றார். நானும் மறுக்கவில்லை.

கடையில் தைப்பதற்கு கிரேஸி என்று ஒருத்தி இருந்தாள். பாறசாலைக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், நாக்கு என்னுடையதைவிட நீளம். துணியை வாங்கிக் கையில் விரித்துப் பார்த்தாள்.

"அண்ணே, இத வெளியில கொண்டுபோய் வெயில்ல பிடிச்சுப் பாத்தியளா?"

"எதுக்கு?"

"சும்மா கேட்டேன். லைனிங் வேண்டாமா?"

"லைனிங் போட்டா மினுக்கம் போயிரும். நீ தைக்கிற சோலியைப் பாரு பிள்ளே."

"செரி, நீங்க கன்சல்டன்ட் இல்லியா" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குள் எல்லாம் மாட்டி முடித்தோம். சோபாவை ஜன்னலுக்கு அடியில் போடச் சொன்னதும் நான்தான். வருகிறவர்கள் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் கர்ட்டன் தொங்கும், படம் பிடித்த மாதிரி இருக்கும் என்று கணக்கு. கர்ட்டனை ஒதுக்கிக் கட்டும் குஞ்சம் வைத்த கயிறு மட்டும் எர்ணாகுளத்திலிருந்து வந்து சேரவில்லை. "அடுத்த வாரம் கொண்டுவந்து மாட்டுறேன் சாமி, அதுவரைக்கும் விரிச்சே கெடக்கட்டும், தெருவுல போறவன் எட்டிப் பாக்க மாட்டான்" என்றேன். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்!

புதன்கிழமை கயிறு வந்தது. நானே எடுத்துக்கொண்டு போனேன். பெண் பார்த்த விஷயம் நல்லபடியாக முடிந்திருக்கும், ஒரு இனிப்பாவது கிடைக்கும் என்ற ஆசைதான். போய்ச் சேர்ந்தபோது நாலு மணி.

சாமி கதவைத் திறந்தார். பூட்டியிருந்த ஹாலைத் திறந்து விட்டார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறிக்கொண்டே, "என்ன சாமி, எடம் முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுது" என்றார். "நன்னா முடிஞ்சுது. பிள்ளையாண்டானோட அத்தை ஒருத்தி வந்திருந்தா. பெரிய ஆஸ்பத்திரியிலே நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவளாம். கோமு எதிரே வந்து நின்னதும் அவ கண்ணையே பாத்துண்டிருந்தா. கிட்டக்கக் கூப்பிட்டு கீழ் இமையை இழுத்துப் பாத்தா. அப்பறம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, கொழந்தைக்கு மஞ்சக்காமாலை இருக்கோன்னு கேட்டா."

"ஐயோ!"

"அது ஒட்டிக்குமாமே. ஒருத்தரும் சொஜ்ஜியைத் தொடலை. காப்பியைத் தொடலை. வச்சது வச்சபடி எழுந்து போயிட்டா. தெருவே பாத்துண்டிருந்தது. ரத்தம் டெஸ்ட் பண்ணி அனுப்புங்கோன்னு சொல்லிட்டுப் போனா. பண்ணினோம், ஒண்ணுமில்லைன்னு வந்தது. அது போறாதாம். அவா சொல்ற லேபிலே இன்னொரு தரம் பண்ணணுமாம். இன்னிக்கு கோமு லீவு போட்டுட்டுப் போயிருக்கா."

எனக்குப் பாவமாக இருந்தது. ஸ்டூல் மேல் நின்றபடியே சாமியைக் குனிந்து பார்த்தேன். பார்த்தவுடன் திடுக்கென்றது. அவர் கண்ணும் மஞ்சளாக இருந்தது. கன்னம், நெற்றி, விபூதிகூட மஞ்சளாக இருந்தது. அந்த நேரம் அவர் மனைவி, மாமி, உள்ளேயிருந்து வந்தாள். அவளும் மஞ்சள்! அடக் கடவுளே, அந்த நர்ஸ் சொன்னது சரிதான், குடும்பத்துக்கே வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

என் வாய் சும்மா இருக்குமா? வைத்தியம் சொல்ல ஆரம்பித்தேன். "சாமி, ஒளிக்காதீங்க, எங்க ஊர்ல இது சாதாரணம். கீழாநெல்லியைப் பறிச்சு அரைச்சு மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடிங்க. எண்ணெய் சேக்காதீங்க. தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க. மூணு பேரும் குடிங்க" என்று நான் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனேன். அந்த இரண்டு பேரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பேசிப் பேசி எனக்கு வியர்த்தது. துடைக்கலாம் என்று சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன். காலையில்தான் என் மனைவி நீலம் போட்டு வெளுத்துக் கொடுத்தது. அதுவும் மஞ்சளாக இருந்தது.

கைக்குட்டைக்கு மஞ்சக்காமாலை வராது.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். நாலு மணி வெயில் அந்த ஒற்றை ஜன்னலில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வரும் வெளிச்சம் அத்தனையும் என் கர்ட்டன் வழியாக வந்துகொண்டிருந்தது. வந்த வெளிச்சம் என் வினைல் ஷீட்டில் பட்டு, என் எலுமிச்சைச் சுவரில் பட்டு, எல்லாரையும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகில் வெளிச்சம். எதிரே வந்து நின்ற பெண்ணுக்கு மட்டும் முகம் முழுக்க. அந்த நர்ஸம்மாவைக் குறை சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் இமையை இழுத்துப் பார்த்திருப்பார்கள்.

இப்போது உங்களிடம் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் என் முதல் யோசனை, வாயை மூடிக்கொள்வது. தையலில் ஒரு பிசகு இருக்கிறது என்று சொல்லிக் கர்ட்டனைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கடை பேர் கெடாது, என் பேர் கெடாது. இரண்டாவது டெஸ்டும் நல்லபடியாக வந்துவிடும். சம்பந்தம் போனால் அவள் தலைவிதி என்று போய்விடும். முதல் கொக்கியில் கையையும் வைத்துவிட்டேன்.

அப்போது கோமதி உள்ளே வந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "எப்போ வந்தேள் சார்?" என்று சாதாரணமாகக் கேட்டாள். கையை மடக்கியே வைத்துக்கொண்டிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. கொக்கியை விட்டுவிட்டுக் கர்ட்டனை ஒரே இழுப்பாக ஓரத்துக்கு இழுத்தேன்.

"சாமி, உங்க மகளுக்கு ஒண்ணுமில்ல. உங்க யாருக்கும் ஒண்ணுமில்ல. நான் மாட்டுன கர்ட்டன்தான் இந்தப் பாடு படுத்தியிருக்கு. தப்பு எனக்கு."

வெயில் வெள்ளையாக உள்ளே விழுந்தது. சாமி மாமியைப் பார்த்தார், மாமி சாமியைப் பார்த்தாள். அப்புறம் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓய்!" என்று கத்தினார் சாமி. 'நீங்கோ' போய் 'நீர்' வந்துவிட்டது. "நாலு நாளா என் கொழந்தை கண்ணாடி முன்னாலே நின்னு நாக்கை நீட்டி நாக்கை நீட்டிப் பாத்துண்டிருக்காளாக்கும்! ஒண்ணும் தெரியலையே, உள்ளே ஒளிஞ்சிருக்கற வியாதியான்னு பயந்துண்டு! ஞாயித்துக்கெழமைலேந்து இந்த ஹாலைத் திறக்கவே எங்களுக்கு மனசு வரலை. நீர் என்னடான்னா ஸ்டூல் மேலே நின்னுண்டு கீழாநெல்லி சொல்றீர்!"

கோமதி சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். உள்ளே போன பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது எனக்கு நன்றாகக் கேட்டது. அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நீங்கள் துணியை எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள். கடையில் பாருங்கள், வெயிலில் பாருங்கள், அந்த வீட்டில் எந்த நேரத்தில் ஆள் உட்காருவார்களோ அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். ஆனால் கடைசியில் அதற்கு முன்னால் யார் நிற்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். நான் தரையைக் கேட்டேன், சுவரைக் கேட்டேன். நிற்கப்போகிறவள் வாய் திறந்து சொன்னதைச் சிரித்துத் தள்ளினேன்.

மறுநாள் சாமியையும் இரண்டு மீட்டர் துணியையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். கோட்டைக்குப் பக்கத்துத் தெரு. அத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டாள், ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில். நான் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போய், அவர்கள் வீட்டு மேற்கு ஜன்னலில் அந்தத் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அம்மா, நீங்க கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க" என்றேன். வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கிட்டே போய், அவள் இமையை இழுத்துப் பார்த்தார்.

"அக்கா, ஒனக்கு முத்திப் போயாச்சு" என்றார்.

வீடே சிரித்தது. மாப்பிள்ளைப் பையன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். சிரிக்கலாமா என்று அத்தை முகத்தைப் பார்த்து, அவள் சிரித்த பிறகு சிரித்தான். அதை நான் பார்த்தேன், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை. "செரி, தெத்து பட்டுடுத்து, தப்பா நெனச்சுட்டோம்" என்றாள் அத்தை. "அடுத்த ஞாயித்துக்கெழமை மறுபடி வரோம். ஆனா அந்தக் கர்ட்டன் அங்கே இருக்கப்படாது."

ஊரையே ஜெயித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு. வழியில் கடையில் ஏறி, கிரேஸி தைத்து வைத்திருந்த வெள்ளைக் காட்டன் கர்ட்டனைக் கையோடு எடுத்துக்கொண்டேன். என் செலவு. அவள் துணியை நீட்டும்போது, "லைனிங் போட்டிருக்கேன் கன்சல்டன்ட் அண்ணே" என்றாள். வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். சாமிகூடக் கோபம் ஆறி, கரமனை ஜங்ஷனில் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, கோமதி ஆபீசிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னோம்.

அவள் பையை இறக்கி வைத்தாள். "அவா வர வேண்டாம்பா" என்றாள்.

"என்னடி சொல்றே? அவா ஒத்துண்டாச்சே!"

"எதை ஒத்துண்டா? எனக்கு வியாதி இல்லைன்னுதானே? அதை என்கிட்டேயே கேட்டிருக்கலாமே. நான் அங்கேதானே நின்னுண்டிருந்தேன். என் கண்ணை இழுத்துப் பாத்துட்டு உங்களைத் தனியாக் கூப்பிட்டா. அந்தப் பிள்ளையாண்டான் என்ன பண்ணினான்? என்னைப் பாத்தான், அத்தை மூஞ்சியைப் பாத்தான், எழுந்து போயிட்டான். ஒரு வார்த்தை, என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. நாளைக்கு எனக்கு நிஜமாவே ஜுரம் வந்தா அவன் யார் மூஞ்சியைப் பாப்பான்?"

நான் நைசாக வெள்ளைக் கர்ட்டனை எடுத்து, "அது போகட்டும் மோளே, நான் இத மாட்டிட்டுப் போறேன்" என்று எழுந்தேன்.

"வேண்டாம் சார். அதை எடுத்துண்டு போங்கோ. இதுவே இருக்கட்டும்."

"இதா? இந்தச் சனியனா?"

"இதேதான். இனிமே யார் வந்தாலும் நாலு மணிக்கு வரட்டும். இதை விரிச்சு வச்சிருப்பேன். இதுக்கு எதிரே நிப்பேன். என்ன பண்றான்னு நான் பாக்கறேன்."

மக்களே, நான் மாட்டிய கர்ட்டனைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிச் சண்டைக்கு வந்தவர்களை எண்ண முடியாது. திருப்பி எடுக்க விடமாட்டேன் என்றவள் இவள் ஒருத்திதான். கெஞ்சினேன். சாமி கெஞ்சினார். மாமி மட்டும் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்து ஒரு இடம் வந்தது. வந்தவர்கள் கண்ணைப் பார்த்தார்கள், சொஜ்ஜியைப் பார்த்தார்கள், ஜாதகத்தை இன்னொரு தரம் பார்க்கணும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு இடம். அவர்களும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் சாமி கடைக்குப் போன் செய்வார். "ஓய், இன்னொண்ணும் போயாச்சு" என்று ஒரே வரி. போனை வைத்துவிடுவார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணம் என் வாயால் நின்றுபோகிறதே என்று குமுறலாக இருந்தது. கடையில் யாராவது "நீங்க சொன்னா சரி" என்றால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். கிரேஸிகூட என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள். அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

கொல்லத்திலிருந்து ஒரு இடம் வருவதாக இருந்தபோது சாமி நேராகவே கடைக்கு வந்துவிட்டார். குரலைத் தாழ்த்தி ஒரு திட்டம் சொன்னார். நான் முன்கூட்டியே வந்து, வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் இடைகழியில் அளவு டேப்போடு நிற்க வேண்டும். அவர் இருமுவார். நான் ஏதோ அளவெடுக்க வந்தவன் மாதிரி உள்ளே நுழைந்து கர்ட்டனை ஒதுக்கிவிட வேண்டும். இருபது வருஷம் சர்க்கார் ஃபைல் தள்ளியவரின் மூளை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே போய் இடைகழியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். கோமதி என்னைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள்.

"சார், கர்ட்டன்லே கை வைக்கப்படாது."

"இல்ல மோளே, நான் சும்மா…"

"அப்பா இருமினாலும் வைக்கப்படாது."

என்னத்தைச் சொல்ல! டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நாலு மணிக்கு வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். வெயில் சரியாக ஜன்னலுக்கு வந்தது. கோமதி வந்து எதிரே நின்றாள். கதவிடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மஞ்சள். பையனின் அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சாமி இருமினார். நான் அசையவில்லை. இன்னொரு தரம் இருமினார். மூன்றாம் தரம் இருமியபோது மாமி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

பையன் கோமதியையே பார்த்தான். பிறகு தன் கையில் இருந்த சொஜ்ஜித் தட்டைப் பார்த்தான். தன் கையைத் திருப்பிப் பார்த்தான். தட்டைக் கீழே வைத்தான். போச்சு, இதுவும் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம்" என்று அவன் குரல் கேட்டது. கண்ணைத் திறந்தேன். எழுந்து நின்றிருந்தான். அப்பாவிடம் கேட்கவில்லை, சாமியிடம் கேட்கவில்லை. கோமதியைப் பார்த்துக் கேட்டான்.

"இதைக் கொஞ்சம் ஒதுக்கலாமோ? இங்கே எல்லாருக்கும் மஞ்சக்காமாலை வந்தாப்பலே இருக்கு. எனக்கும் சேத்து."

"ஒதுக்கலாம்" என்றாள் கோமதி.

அவன் சோபாவில் ஒரு முழங்காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து கர்ட்டனை இழுத்துத் தள்ளினான். வெயில் நேராக அவன் முகத்தில் அடித்தது. கண் கூசிக்கொண்டு திரும்பினான். "இப்போ செரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, தட்டை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். பேச்சு கழக்கூட்டத்து பஸ் நெரிசலைப் பற்றிப் போயிற்று. கோமதியும் உட்கார்ந்து பேசினாள்.

ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று சொல்லி அவர்கள் கிளம்பிப் போனார்கள். சாமி தெருமுனை வரைக்கும் கூடப் போய் வழியனுப்பிவிட்டு வேகமாகத் திரும்பி வந்தார். "எப்படிடி? ஒனக்கு எப்படித் தோணறது? அவாளுக்கு என்ன தோணித்தோ தெரியலையே?" என்று மகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அவள் அவரைத் தாண்டிக்கொண்டு இடைகழிக்கு வந்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், அந்தக் கர்ட்டனைக் கழட்டி எடுத்துண்டு போயிடுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கண் சரியாகத் தெரியவில்லை. முதல் கொக்கியைக் கழற்றவே ஐந்து நிமிஷம் பிடித்தது. சாமி கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை நாள் தொடப்படாதுன்னவ இப்போ எதுக்கு ஓய் கழட்டச் சொல்றா? அவாதான் போயாச்சே. இனிமே வரப்போறவாளுக்கா?" என்று என்னைக் குடைந்துகொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது.

"ஏன்னா, உங்களுக்கு இன்னுமா புரியலை? இனிமே வேற யாரும் வர வேண்டாமாம்."